கேப்டன் வீட்டுக்குப் போன மீன்

சசெபோ துறைமுகம், மார்ச் 9

அத்தைக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? இங்கே உங்கள் மகன் ஷிங்கோவும் நானும் நலம்.

இந்த வசந்தத்தில் ஷிங்கோ டார்பிடோ படகு ஒன்றுக்குத் தலைவனாவான் என்று எழுதியிருந்தேன். அது நடக்கவில்லை. கடற்படை அவனுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தவறு என்னுடையது. எல்லோரும் செய்வதுபோல, ஆண்டு முடிவில் அவனுடைய கேப்டன் வீட்டுக்கு உப்பிட்ட சால்மன் மீன் அனுப்பினேன். அந்தக் கேப்டனின் கப்பலுக்கே மிசோ விழுது விற்பவன் நான் என்பதை யோசிக்காமல், என் கடைப் பெயரோடு ஷிங்கோவின் பெயரையும் எழுதிவிட்டேன். கடற்படையில் லஞ்சப் பேச்சு சூடாக இருந்த நேரம். மீன் நேராக விசாரணைக்குப் போய்விட்டது.

"ரஷ்யாக்காரன் குண்டுக்கே தப்பிச்சேன் அத்தான், உங்க மீன்கிட்ட மாட்டிக்கிட்டேனே!" என்று சிரித்தான்.

"நல்லா திட்டுடா" என்றேன்.

"திட்டினா படகு வந்துடுமா? சோத்தைப் போடுங்க."

என்னோடுதான் இருக்கிறான். நீங்கள் போடும் பிளம் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். அவனுடைய பழைய பருத்திக் கிமோனோவும் உடனே வேண்டும். வேறு உடுப்பில்லாமல் சீருடையோடு கடையில் உட்கார்ந்திருக்கிறான். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மருமகன்
குமாகிச்சி