தசரதனின் விலா எலும்பு

12 பிப்ரவரி 1996, திங்கள்

தாம்பரம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் புது ஆள். டோக்கன் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தார். "லேப் அம்மாதானே நீங்க? என் எலும்பு எப்டி கீது?"

ரயில் வந்துவிட்டது. யாரென்று புரியாமலே "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வண்டலூர் தாண்டும்போதுதான் உறைத்தது. தசரதன்!

13 பிப்ரவரி

காட்டாங்குளத்தூரில் பாடம் எடுக்க வருவதற்கு முன், 1986இல், குரோம்பேட்டையில் ஒரு சின்ன ஆய்வகத்தில் வேலை செய்தேன். மனித எலும்பு மஜ்ஜையின் உயிரணுக்களை உடம்புக்கு வெளியே வளர்க்கும் வேலை. தசரதனுக்கு நுரையீரலில் ஆபரேஷன். டாக்டர் வெட்டி எடுத்த விலா எலும்புத் துண்டை, அவரிடம் கேட்டுக்கொண்டுதான், ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுபோனேன். மஜ்ஜையைக் கழுவி எடுத்து, குடுவையில் சிவப்புச் சத்துத் திரவத்தில் விட்டோம்.

மூன்றாவது வாரம் அடியில் மெல்லிய படலம். அதன்மேல் கூட்டங்கூட்டமாக உருண்டை உயிரணுக்கள், பளபளவென்று. பக்கத்து மேஜை அருள்மேரி கத்தியேவிட்டாள். தெருமுனைக்கு ஓடிப்போய் பஜ்ஜி தின்றோம். ஆளுக்கு ஆறு! அப்படி ஒரு சாயங்காலம் அப்புறம் எனக்கு வாய்த்ததா?

தசரதன் குணமானதும் கூட்டிவந்து மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். "இதுவா நானு?" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

15 பிப்ரவரி

குடுவையில் வளர்ந்த அந்த உயிரணுக்கள் செத்துப்போனதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் என்ன யாரும் — நான்தான் சொல்லவில்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று தசரதன் சொல்லியிருந்தார். பீர்க்கன்கரணை, ஏரிக்கரைக்குப் பக்கம். அவர் போண்டா வாங்கக் கடைக்குப் போனதும் மனைவி அஞ்சம்மாள் கிட்டே வந்தார்.

"ரெண்டு மாசமா இருமிகினே கீறாரும்மா. ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா வரமாட்டேங்கிறாரு. 'என்னோடது ஒண்ணு லேப்புல உசுரோட கீது, எனக்கு ஒண்ணும் ஆவாது'ன்றாரு. நீங்களாச்சும் சொல்லுங்க."

அன்று ஸ்டாண்டில் எலும்பைப் பற்றி விளையாட்டாகக் கேட்கவில்லை அவர். பத்து வருஷமாக நம்பியிருக்கிறார்.

தசரதன் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வாரம் ஒரு முறை பாதித் திரவத்தை மாற்றவேண்டும். அக்கா கல்யாணத்துக்காக இரண்டு வாரம் கும்பகோணம் போனேன். போகும்போது, 'யாரும் தொடக்கூடாது' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். பேர் எனக்கு மட்டும் வரணும்னு ஆசை, வேறென்ன. அருள்மேரி தொடவில்லை. திரும்பி வந்தபோது சிவப்பு மஞ்சளாகியிருந்தது. எல்லாம் செத்திருந்தது.

"எத்தினி நாள் இருந்துச்சு?"

"நாற்பத்தொன்பது நாள்."

போண்டாப் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை அவர். அஞ்சம்மாள்தான் பேசினார். "அது அப்பவே பூட்ச்சா? அப்போ இத்தினி வருசமா நீயேதான்யா பொழச்சுகினு கீற!"

தசரதன் எழுந்து வெளியே போய்விட்டார். பஸ் நிறுத்தம் வரை அஞ்சம்மாள் மட்டும் வந்தார்.

19 பிப்ரவரி

ஸ்டாண்டில் வேறு ஆள்.

22 பிப்ரவரி

இன்றும் இல்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ? ஐயோ, இருமலோடு விட்டுவிட்டா?

4 மார்ச், திங்கள்

தசரதன் வந்திருந்தார். முகம் பார்க்கவில்லை. டோக்கனைக் கொடுத்துக்கொண்டே, "எக்ஸ்ரே எடுத்தேன். டி.பி.யாம். சீக்கிரமா வந்துட்டன்னு டாக்டர் சொன்னாரு. எட்டு மாசம் மாத்திர."

"விடாமப் போடுங்க."

"நீங்க கல்யாணத்துக்குப் போவாம இருந்தா சரி" என்றார். சிரித்தாரா, கோபமா — தெரியவில்லை. ரயில் முழுக்க அழுகையும் சிரிப்புமாக வந்தது.

10 மார்ச்

அருள்மேரிக்குக் கடிதம் போட்டேன். அந்த நோட்டீசைப் பற்றி. பத்து வருஷம் கழித்து.

29 மார்ச்

அருள்மேரியிடமிருந்து கார்டு. 'தினமும் குடுவையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தொட்டிருக்கவேண்டும். அப்போது எனக்கும் உன்மேல் கோபம்.' அவ்வளவுதான். நாலு தடவை படித்தேன்.

4 நவம்பர், திங்கள்

தசரதனுக்கு மாத்திரை நேற்றோடு முடிந்தது. சளியில் கிருமி இல்லையாம். சாப்பாடு கொண்டுவந்த அஞ்சம்மாள் புகார் சொல்கிறார்: ஒரு வேளைக்கு எட்டு இட்லி. பழைய சட்டை எதிலும் பட்டன் போட வரவில்லையாம்.