பச்சை பாட்டிலில் வெயில்

மே 5, செவ்வாய்

கத்திரி வெயில். பஸ்ஸில் ஜன்னல் சீட், அதுவும் வெயில் பக்கம். மணலி தாண்டும்போதே சட்டை நனைந்தாயிற்று.

கடைகளிலிருந்து இரண்டு லோடு பீர் திரும்பி வந்திருக்கிறது. "மீன் நாற்றம்" என்று புகார். எல்லாம் பச்சை பாட்டில். பழுப்பு பாட்டில் கிடைக்காததால் போன மாதம் பச்சையில் அடைத்த சரக்கு.

மேனேஜர், நான் பீரைச் சோதிக்கும் லேபுக்கு வரவில்லை. நேராகப் பாக்கியக்காவிடம் போனார். பழைய பாட்டில்கள் கழுவி வெளிச்சப் பலகை முன்னால் ஓடும்போது அழுக்கு, கீறல், உள்ளே சிக்கிய பீடித்துண்டு எல்லாம் பார்த்து எடுத்துப் போடுவது அக்கா வேலை. ஒன்பது வருஷமாக. இன்னும் கான்டிராக்ட்.

"குப்பத்துல மீன் எண்ணெய் ஊத்தி வச்ச பாட்டிலா இருக்கும். நீயும் அங்கதானே? உனக்கு அந்த நாத்தம் தெரியாது, பழகிப்போச்சு."

சனிக்கிழமைக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் திங்கள் முதல் அக்கா வர வேண்டாமாம்.

இரண்டடி தள்ளி நின்று டியூப் கழுவிக்கொண்டிருந்தேன். நானும் அதே குப்பம், கல்மண்டபம். அப்பாவுக்கு விசைப்படகில் வேலை. வாய் திறக்கவில்லை. எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

மே 6

திரும்பி வந்த பாட்டில் ஒன்றை லேபில் திறந்தேன். பாக்கியக்காவைக் கூப்பிட்டேன்.

"பீருன்னாலே கொமட்டும் எனக்கு. குட்ரா இப்டி."

மூக்கால் ஒரே இழுப்பு.

"இதுவா மீனு? எந்த சோமாரி சொன்னான்? ரப்பர் கருகுன வாடைடா இது. டயர் கொளுத்துனா வருமே, அத்து."

"மேனேஜர் மீனுங்கறாரே."

"அவரு துன்றது ஐஸ்ல நாலு நாளு கெடந்த வவ்வா மீனு. அவருக்கு இன்னா தெரியும்?"

கருகிய ரப்பர். படித்ததுதான். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் சத்தில் வெளிச்சம் பட்டால் வரும் வாடை. பழுப்பு பாட்டில் பெரும்பாலும் தடுக்கும், பச்சை தடுக்காது. ஐந்து வருஷம் படித்தவனுக்கு உறைக்கவில்லை, பீரே குடிக்காதவள் மூக்கு சொல்லிவிட்டது.

மதியம் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஷெட்டில், நிழலில், புது விளம்பரப் பலகைகள்: "எப்போதும் புத்துணர்ச்சி." சுவரோரம், மொட்டை வெயிலில், பீர்ப் பெட்டிகள். அதே லாட், இன்னும் கடைக்குப் போகாதது.

டேங்கில் பிடித்துக் குடித்தால் எங்கள் பீர் நல்ல பீர். ரொட்டி வாசனை, கடைசியில் நாக்கோரம் சின்னக் கசப்பு. எனக்குப் பிடிக்கும், வெட்கமில்லை. "மலிவு சரக்கு அப்படித்தான்" என்பவனை அறையலாம் போலிருக்கிறது. கூலிக்காரன் குடிப்பதுதானே என்று வெயிலில் போடுவது நாம். நாள் முழுக்க மூட்டை தூக்கியவன் காசு கொடுத்து ரப்பர் குடிக்கிறான்.

மே 7

லீவு போட்டேன். அந்த லாட்டிலிருந்து லேபில் இருட்டில் வைத்திருந்த மாதிரி, நான்கு பாட்டில், நேற்றே எடுத்து வந்தாயிற்று. எங்கள் வீட்டு மொட்டை மாடி. இரண்டு வெயிலில். இரண்டு கறுப்பு பாலிதீன் சுற்றி, பக்கத்திலேயே. சூடு இரண்டுக்கும் உண்டு, வெளிச்சம் மட்டும் வேறு.

அம்மா வந்து பார்த்தது.

"இன்னாடா, நெத்திலிக்கு காவலா பீரு வச்சிகினு கீற?"

அப்போதுதான் கவனித்தேன். கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து அந்த மாடி அப்படித்தான், கண்ணில் படவே இல்லை.

சாயங்காலம் நான்கு பாட்டிலின் கழுத்திலும் கருவாட்டு வாடை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் அதுதான் முதலில். இதை மேனேஜரிடம் நீட்டியிருந்தால் அக்கா அன்றைக்கே வீட்டுக்கு. பழகிப்போச்சு என்று அந்த ஆள் சொன்னது ஞாபகம் வந்தது. எரிச்சல். பிறகு சிரிப்பு. நான்கையும் கொட்டினேன்.

வாங்க வேண்டியது: கறுப்பு பாலிதீன், சோப்பு.

மே 8

இன்னும் நான்கு மாதிரி. இந்த முறை கம்பெனி மாடி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம். சாப்பாட்டு நேரத்தில் பாக்கியக்கா வந்து பாலிதீனை அவிழ்த்து இறுக்கமாகச் சுற்றிக் கொடுத்தாள்.

"இன்னாத்துக்கு நைனா இம்மாம் பேஜாரு உனக்கு?"

"அன்னிக்கு நான் வாய தொறக்கல."

"தெரியும். கழுவுன டியூப்பையே கழுவிகினு இருந்த."

பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகும் எனக்குப் பாதி ஆம்லெட் வைத்தாள். சாப்பிட முடியவில்லை, சாப்பிட்டேன்.

மே 9, சனி

நான்கு கப், பெயர் எழுதாமல். மேனேஜர் முகர்ந்தார். வெயிலில் வைத்த இரண்டையும் சரியாகத் தள்ளிவைத்தார். "இதான் அந்த மீன்."

"அது வெயில் சார்."

ஒரே லாட், ஒரே மாடி என்று சொன்னேன். பாலிதீனைக் காட்டினேன். ஜன்னல் வழியாகப் பெட்டிகளைக் காட்டினேன். மேனேஜர் இன்னொரு தடவை கப்பை எடுத்து முகர்ந்தார்.

"தார்ப்பாய் வாங்கச் சொல்லு. பாக்கியத்தை திங்கட்கிழமை வரச் சொல்லு."

அவ்வளவுதான். நான் விடவில்லை. "நீங்களே சொல்லுங்க சார். அன்னிக்கு நீங்கதான் சொன்னீங்க."

முறைத்தார். அக்கா பக்கம் போனார். கன்வேயர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. அக்கா பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

ஷிப்ட் முடிந்து கேட்டேன். "மன்னிப்பு கேட்டாரா?"

"வேலைக்கு வான்னாரு. அப்பறம் வவ்வா மீனு எங்க நல்லா கெடைக்கும்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"மோந்து பாத்து வாங்குன்னேன்."