மொட்டை மாடியில் கேட்ட குரல்

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம்தான், தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. எப்படித் தெரியும் என்று முழிக்காதே, சொல்கிறேன்.

அந்தப் பனிக்காட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஞாயிறுதோறும் செயற்கைக்கோள் வழியாக ரேடியோவில் பேசுகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் யாரோ கேட்கிற குரலைப் பெற்றவள் கேட்கக் கூடாதா? ஆனால் செயற்கைக்கோள் அனுப்பும் மைக்ரோவேவ் அலையை நம் வீட்டு ரேடியோ வாங்காது, அதற்கு எட்டும்படி இறக்கித் தர ஒரு பெட்டி வேண்டும். மூடிப்போன டிவி கம்பெனி ஒன்று தட்டு ஆன்டெனாக்களில் மாட்டியிருந்த பெட்டிகள் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தன, இரண்டு எடுத்து வந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா? முதல் பெட்டி என் சால்டரிங் சூட்டிலேயே உயிரை விட்டது. அடுத்ததில் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிறிஸ்டலை மாற்றினேன், டிவி அலையைத் தவிர வேறெதையும் உள்ளே விடாத வடிகட்டியைக் கழற்றினேன். மூடியைத் திறந்தால் பேசும், மூடினால் ஊமை, சின்ன வயதில் உனக்கிருந்த அதே பிடிவாதம். உள்ளே அலைவரிசையைச் சரிசெய்யும் திருகாணியைத் துளித்துளியாகத் திருப்பித்தான் வழிக்குக் கொண்டுவந்தேன்.

போன ஞாயிறு மதியம் மாடியில் அப்பா தட்டு ஆன்டெனாவைச் செயற்கைக்கோள் இருக்கும் திசைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார், வெயிலில் சட்டை தெப்பம். வெறும் இரைச்சல். அப்புறம் கரகரத்த குரலில் நீ. யாராவது கேட்கிறீர்களா என்று இங்கிலீஷில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய், ஒருவரும் பதில் தரவில்லை. கடைசியில் சின்னக் குரலில், "சரி, யாரும் இல்ல போல" என்று தமிழில் சொன்னாயே, அப்பா தாங்காமல் "இருக்கோம்மா, இருக்கோம்!" என்று கத்திக் கையை ஆட்டினார். ஆன்டெனா சாய்ந்தது, நீ போய்விட்டாய். பிறகு எப்படித் திருப்பியும் கிடைக்கவில்லை.

எங்களிடம் கேட்கிற கருவிதான் உண்டு, அனுப்புகிற கருவி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வெந்நீர் குடி, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நோய்நொடி அண்டாமல் நன்றாயிரு தங்கம். மறக்காமல் ஒன்று செய்: அடுத்த முறை யாருமே பதில் தராவிட்டாலும் உடனே நிறுத்திவிடாதே, கொஞ்ச நேரம் தமிழில் ஏதாவது பேசிக்கொண்டிரு.

கேட்டுக்கொண்டிருக்கும்,
அம்மா