மார்ச் வெளிச்சம்

பியர்பொன்ட்ஸ்
2024 ஜனவரி 8

இஞ்சேருங்கோ,

நாலு வருசத்துக்குப் பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பழையபடியே தொடங்குகிறேன். முழங்கால் நோ எப்படி இருக்கிறது? போனில் எழுதாததற்குக் காரணம் நிருஷா. மருந்து, அப்பொயின்ட்மென்ட் எல்லாம் பார்ப்பதால் என் போன் இப்போது அவளின் கையில்தான். எங்கள் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதுவும் ஒருநாள் உதவும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

என் வருத்தத்தைப் பற்றி அவள் உங்களுக்குச் சொல்லியிருப்பாள். டொக்டர் சொன்னதையெல்லாம் நான் இங்கே திரும்பவும் எழுதவில்லை.

எனக்கு ஒரு படம் எடுத்துத் தர வேண்டும். நான் மட்டும், நெஞ்சுக்கு மேலே, மயில்நீலச் சேலையில். எதற்கென்று உங்களுக்கு விளங்கும். செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எத்தனை பேரைக் கல்யாண வீட்டுக் கூட்டத்துக்குள் இருந்து வெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். றூபன் அண்ணையின் படத்தில் ஆரோ ஒருவரின் கை தோளில் மிச்சமிருந்தது. வந்த சனம் மனிசனை விட்டுவிட்டு அந்தக் கை ஆருடையது என்றுதான் கதைத்தது. என் படத்தில் அப்படி ஒன்றும் வேண்டாம்.

இருபத்தொன்பதாம் திகதி மருந்து ஏற்றத் தொடங்குகிறார்கள். பிறகு தலைமயிர் நிற்காதாம். அதற்கு முதல் வாருங்கள்.

சிவாஜினி


சென்ட் லோரன்ட்
2024 ஜனவரி 14

சிவா,

முழங்கால் பரவாயில்லை. படிதான் ஏற ஏலாது.

படம் எடுக்கலாம். ஆனால் இப்போது வெளிச்சம் சரியில்லை. நாலரைக்கே இருண்டுவிடுகிறது, பகலிலும் சாம்பல் நிறம். வெளிச்சம் குறையக் குறைய ஷட்டரைக் கூட நேரம் திறந்து வைக்க வேண்டும். அது திறந்திருக்கும்போது அசையாதது மட்டும்தான் படத்தில் நிற்கும். அசைந்தது கரைந்துபோகும். நீர் கண் சிமிட்டாமல் இருக்கிற ஆளில்லை. மார்ச் என்றால் உங்கள் முன் யன்னலால் நல்ல வெளிச்சம் வரும். வெளியில் பனி கிடந்தால் அது கீழிருந்தும் முகத்துக்கு அடிக்கும். லென்ஸையும் திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச்சில் எடுப்போம். அதுவரைக்கும் ஒழுங்காகச் சாப்பிடும்.

வசீ


பியர்பொன்ட்ஸ்
2024 ஜனவரி 18

இஞ்சேருங்கோ,

உங்களிடம் நாலு லென்ஸ் இருக்கிறது.

வெளிச்சத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறீர்கள். ஃபிளாஷைத் தடியில் கட்டி, கல்யாணம் கல்யாணமாகப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "சிவா, இன்னும் உயத்தும். சிவா, உம்மடை நிழல் விழுது, அங்காலை போம்." இந்த ஊரில் எத்தனை பொம்பிளை மாப்பிள்ளையின் முகத்தில் இருக்கிற வெளிச்சம் என் கையால் போனது. ஒரு கல்யாண வீட்டிலாவது, "தடியை வைச்சிட்டு நீரும் வந்து நில்லும்" என்று நீங்கள் சொன்னதில்லை. நாங்கள் பிரிந்ததற்கு ஆட்கள் என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். என்னுடைய காரணம் இதுதான்.

வெளிச்சம் இல்லையென்றால் ஃபிளாஷைக் கொண்டு வாருங்கள். நானே ஒரு கையால் பிடிக்கிறேன். எனக்குப் பழக்கம்தானே.

27ஆம் திகதி சனிக்கிழமை மத்தியானம் வாருங்கள். நிருஷா வேலைக்குப் போய்விடுவாள்.

சிவாஜினி


பியர்பொன்ட்ஸ்
2024 ஜனவரி 28

இஞ்சேருங்கோ,

நேற்று சேலை உடுத்து, பொட்டு வைத்து, யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். உங்கள் கார் வந்து வாசலில் நின்றது. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் புகை போனது. போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன். நீங்கள் இறங்கவில்லை. தேத்தண்ணி ஆறிய பிறகு கார் போய்விட்டது.

கோபமில்லை. எடுத்தால் முடிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். எடுக்காவிட்டாலும் அது முடியும்தான்.

படம் எடுக்க இனி வர வேண்டாம். சும்மா வருவதென்றால் வாருங்கள். கதவு திறப்பேன்.

சிவாஜினி


சென்ட் லோரன்ட்
2024 ஏப்ரல் 6

சிவா,

உறையில் பியர்பொன்ட்ஸ் விலாசத்தை எழுதிவிட்டேன். நிருஷா பிரித்தாலும் அவளால் வாசிக்க ஏலாது.

சும்மா வரச் சொன்னீர். வெளிச்சம் வரட்டும் என்று இருந்தவன், மார்ச்சில்தான் வந்தேன். அப்போது நீர் ஆஸ்பத்திரியில். கண் திறக்கவில்லை. நான் சொன்ன வெளிச்சம் ஆஸ்பத்திரி யன்னலால் வந்து உமது முகத்தில் கிடந்தது. நான் கமெரா கொண்டு வரவில்லை. மூன்றாம் நாள் நிருஷா போன் எடுத்தாள்.

நேற்று அவள் இங்கே வந்தாள். "அப்பா, நினைவு மலருக்கு அம்மா தனிய நிக்கிற படம் ஒண்டு தாங்கோ" என்றாள். அவளின் போனில் நூறு படம் இருக்கிறது. எல்லாம் அவள் தன்னைத்தானே எடுத்தது. பின்னால் நீர் பாதி முகத்தோடு சட்டி கழுவுகிறீர். என் பெட்டிகளைக் கொட்டித் தேடினேன். நீர் எழுதியது சரி. ஊரெல்லாம் இருக்கிறது, நீர் இல்லை.

ஒரேயொரு நெகட்டிவ் கிடைத்தது. எங்களுக்கு இந்த நாட்டுச் சிற்றிசன் கிடைத்த அன்று, பழைய துறைமுகத்தடியில், பொழுதுபட்ட நேரம். கமெராவைச் சுவரில் வைத்து டைமரை அமத்திவிட்டு, "அசையாதேயும்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தேன். நீர் அசையவில்லை. இமைகூடத் தெளிவாக, சிரித்தபடி நிற்கிறீர். அசைந்தது நான்தான். ஷட்டர் திறந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என் முகமும் கோட்டும் கரைந்து, பின்னால் நின்ற விளக்குக் கம்பம் என்னூடாகத் தெரிகிறது.

படத்தில் இருந்து என்னை வெட்டி எடுப்பது லேசாக இருந்தது. ஏற்கெனவே பாதி போன ஆள்தானே. ஆனால் கை மட்டும் உமது தோளுக்கு வந்து நின்றுவிட்டது. அது அசையவில்லை. மோதிரம்கூடத் தெரிகிறது.

றூபன் அண்ணையின் படத்தைப் பற்றி நீர் எழுதியதை மறக்கவில்லை. கையை அழித்துத் தோளை வரைய எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கையை எடுக்கவில்லை. ஆருடையது என்று சனம் கேட்கும். நிருஷாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், "என்னட்டைக் கேக்கச் சொல்லு" என்று.

வசீ