துண்டுக்கடியில் நாலு விரல்

அன்புள்ள நண்பனுக்கு,

காட்பாடி ஸ்டேஷனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆம்பூர் போகும் பாசஞ்சர் வழக்கம்போலத் தாமதம். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் ஆவாரம்பட்டை மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் போட்ட தூறலில் மூட்டைகள் நனைந்து, அந்தத் துவர்ப்பு வாசனை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. தோல் பதனிடுகிறவர்களுக்கு அது சரக்கு, எனக்கு அது நீ. "பார், உன் வாசனை வந்துவிட்டது" என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் என் குடைதான் இருந்தது.

நீ போன மாசிக்குப் பிறகு இப்படிப் பலமுறை திரும்பிவிட்டேன். வகுப்பில் ஒரு பையன் எதையாவது உளறினால், இதை ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் எடுத்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்த பிறகுதான் நினைவு வருகிறது. சொல்லாமல் சேர்ந்துபோனவை நிறைய இருக்கின்றன.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. புதிதாக வந்திருக்கும் பிரின்சிபால் துரை முந்தாநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முன்னொரு காலத்தில் நம் கல்லூரியில் ஒரு மேசை இருந்ததாமே, லீவில் மாணவர்களுக்கு வேலை பழக இடம் பிடித்துக் கொடுப்பார்களாமே, அதை மறுபடியும் போடலாமா, நீங்கள் உட்காருவீர்களா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த மேசையை நான் உன்னுடையதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். துரைக்கு அதை எப்படிச் சொல்வது?

உனக்கு நினைவிருக்கும், அப்போதிருந்த துரை அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார். பையன்கள் நாம் அதை 'உமேதுவார் மேசை' என்றுதான் சொல்வோம். சர்க்கார் கச்சேரிகளில் சம்பளமில்லாமல், என்றைக்காவது நிரந்தரமாக்குவார்கள் என்று எழுதிக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உமேதுவார் என்று பெயர். நம்மையும் அந்த ஜாதியில் சேர்த்துவிடுகிறார்கள் என்ற கேலிதான். நூலக வராந்தாவில் ஒரு கால் ஆடும் மேசை. சனிக்கிழமை மத்தியானம் அதன் பின்னால் நீ. துரை உன்னைச் செயலாளர் என்று நியமித்திருந்தார். இன்டர்மீடியட் முதல் வருஷம் படிக்கிற பையனுக்கு அது பெரிய பட்டம். நீ அதைத் தலைக்கு ஏற்றிக்கொள்ளவில்லை, காலுக்கு ஏற்றிக்கொண்டாய். மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று ஒவ்வொரு தோல்மண்டியாக ஏறி இறங்கினாய். "இங்கிலீஷ்ல கடிதாசி எழுத ஒரு பையன் வேணுமா சார், லீவுல சும்மா வருவான்" என்று கேட்டுக் கேட்டுத்தான் எங்களுக்கு இடம் பிடித்தாய்.

மேசைக்குச் சொந்தமாக ஒரு கோட்டும் இருந்தது. லாங் பஜாரில் பழைய துணி விற்கிறவனிடம் நீ பேரம் பேசி வாங்கியது. முதலாளியைப் பார்க்கப் போகிறவன் அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து ஆணியில் மாட்டிவிட வேண்டும். எனக்குக் கை விரல் நுனி வரைக்கும் தொங்கும். "நல்லதுதான்பா, கை நடுங்கறது தெரியாது" என்றாய். எத்தனையோ பேர் அந்தக் கோட்டைப் போட்டார்கள், நீ மட்டும் போட்டதில்லை. அழைத்துக்கொண்டு போகிறவனை யாரும் வேலைக்கு வந்த ஆளாகப் பார்ப்பதில்லை. உனக்கு ஒரு இடம் பார்த்துக்கொள்ளேன் என்றால் சிரிப்பாய். மெட்ராஸ் போய் பி.ஏ. முடித்துவிட்டுத் திரும்பி வந்து, இதே மேசையைச் சம்பளத்தோடு போட வேண்டும், அதுதான் உன் ஆசை. கலெக்டர், வக்கீல் என்று கனவு கண்ட கூட்டத்தில் இப்படி ஒருவன்.

சோளிங்கர் மலையடியில் தேங்காய்க்கடை வைத்திருந்தவர் மகனான என்னை ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல்மண்டிக்கு அழைத்துப் போனதும் நீதான். இதே ஸ்டேஷனில்தான் ரயில் ஏறினோம். வழியெல்லாம் எனக்கு உபதேசம். "மூக்க மட்டும் மூடிடாத. சாயபு அதத்தான் பார்ப்பாரு. முடியலன்னா கண்ண மூடிக்க." மண்டிக்குள் நுழைந்ததும் சுண்ணாம்புக் குழியின் நெடி முகத்தில் அடித்தது. நான் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டு நடந்து ஒரு தொட்டியில் மோதினேன். சாயபு அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் வராமல் சிரித்தார்.

"இன்னா தம்பி, ஜாஸ்தி படிச்ச பசங்க கம்மியாத்தான் நிப்பாங்க. இவன் நிப்பானா?"

"நிப்பான் சாயபு. நான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? கைய குடு."

நீ கையைக் கொடுத்தாய். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போட்டார். தோல் வியாபாரத்தில் விலை பேசுவது அப்படித்தான். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். மறைக்க அன்றைக்கு அங்கே யாரும் இல்லை. கணக்குப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார், நான் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன். சாயபுவுக்கு அது கையோடு வந்த பழக்கம். அவர் பிடித்தார், நீயும் திருப்பிப் பிடித்தாய். திருப்பிப் பிடித்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

ரயிலில் வரும்போது சொன்னாய்: "நாலு விரல் புடிச்சாருபா. நாலு வாரம். லீவுக்குச் சரியா இருக்கும்."

விரல் எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லும். நாலா, நாற்பதா, நானூறா என்பது பிடிக்கிற இருவருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். நாம் இருவரும் கல்லூரிப் பையன்கள். நமக்கு உலகமே லீவாகவும் டெர்மாகவும்தான் பிரிந்து கிடந்தது. அதனால் நாலு வாரம் என்பதில் நமக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த நாலு வாரமும் நான் மெட்ராஸ் கமிஷன் ஏஜெண்டுகளுக்குக் கடிதம் எழுதினேன், எடை போடும்போது பக்கத்தில் நின்று குறித்தேன். நாலு வாரம் முடிந்து கிளம்பியபோது சாயபு மெட்ராஸ் போயிருந்தார். கணக்குப்பிள்ளை "நல்லா படிப்பா" என்று அனுப்பிவைத்தார். ஊருக்குப் போனால் என் அம்மா என்னைக் கிணற்றடியிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி ஊற்றினாள். இதை உன்னிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் கல்லூரி திறந்த அன்று அவசரமாக வந்தேன்.

உன் இடம் காலியாக இருந்தது. ஊரில் ஏதோ வேலை, இரண்டு நாளில் வந்துவிடுவான் என்றார்கள். பிறகு இந்த வாரம் வருவான் என்றார்கள். சனிக்கிழமை வராந்தாவில் மேசை மட்டும் இருந்தது, கோட்டு ஆணியில் தொங்கியது. இரண்டு பையன்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். உன் அப்பா கம்பவுண்டராக இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். "அவனா? ஆம்பூர்லதானே இருக்கான், உனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

மண்டியில் நான் உட்கார்ந்த அதே பலகையில் நீ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் முகத்தில் திருட்டுச் சிரிப்பு.

"இன்னாடா இது?"

"அது நாலு மாசமாம்பா."

மெட்ராஸிலிருந்து திரும்பிய சாயபு, பலகை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு கல்லூரி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமையே நேரே வராந்தாவுக்கு வந்து, உன் மேசை முன்னால் உட்கார்ந்தாராம். கோபப்படவில்லையாம். நாலு விரல் பிடித்தேன், நீ திருப்பிப் பிடித்தாய், ஆள் எங்கே என்று மட்டும் கேட்டாராம். வாரம் என்று நினைத்தேன் என்று நீ சொன்னதற்கு, "தோல் ஒண்ணு ஊறி முடியறதுக்கே வாரம் போய்டும் தம்பி, வாரக்கணக்குல யாராவது கை குடுப்பாங்களா?" என்றாராம். புரட்டாசி வரைக்கும் கப்பல் சரக்குக்கு அவருக்குக் கடிதம் எழுத ஆள் இல்லை. இன்னும் மூன்று மண்டிகளில் உன் கையை நம்பி நம் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். உன் கை பொய்த்தால் இனி எந்த மண்டியும் பையன்களைச் சேர்க்காது என்பதும் உன் நினைவுக்கு வந்திருக்கும்.

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? கை குடுத்தாச்சு. நான் வர்றேன்னேன்."

நான் திரும்பி வந்து உட்காருகிறேன், நீ போய்ப் படி என்றேன். கெஞ்சினேன், கத்தினேன், தூங்கிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை எழுந்துவிட்டார். நீ பேனாவைக் கீழே வைக்கவே இல்லை. "எழுதனது நீதான்பா. ஆனா கை என்னுது. பேஜார் பண்ணாம போய்ப் படி." என்னைவிட நீ ஒரு மாதம் மூத்தவன், அதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயன்படுத்தினாய்.

வருகை நாள் போதாமல் அந்த வருஷம் உன்னைப் பரீட்சைக்கு விடவில்லை. அடுத்த வருஷம் என்றாய். அடுத்த வருஷம் உன் அப்பா படுத்துவிட்டார். சாயபு சம்பளம் போட்டுக் கொடுத்தார். மெட்ராஸுக்கு நான் தனியாகப் போனேன். திரும்பி வந்து நம் கல்லூரியிலேயே டியூட்டர் ஆனேன். மேசையை யாரோ விடுதியில் மாவாட்டும் அறைக்கு எடுத்துப் போனார்கள். நீ அந்த மண்டியில் பெரிய குமாஸ்தா ஆனாய், கல்யாணம் செய்துகொண்டாய், சந்தோஷமாகவும் இருந்தாய். அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. உன் சார்பில் வருத்தப்பட நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி வந்திருக்கிறேன். நீ ஒரு தடவைகூட வருத்தப்பட்டு உதவவில்லை. "உன் முகத்தப் பாத்தா நான்தான் ஃபெயிலான மாதிரி இருக்குது" என்று சொல்லிக் காப்பி வரவழைப்பாய்.

மாசியில் உனக்குக் காய்ச்சல் கண்ட சேதியும் நீ போன சேதியும் ஒன்றாகத்தான் எனக்குக் கிடைத்தன. நான் வந்து சேர்வதற்குள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் சாயபு நின்றிருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கை மேலும் போட்டார். அன்றைக்கு உன்னிடம் பிடித்த அதே நாலு விரல். அவர் கண் கலங்கியிருந்தது. நான் திருப்பிப் பிடிக்கவில்லை, என் கை அவர் கைக்குள் சும்மா கிடந்தது. இதைச் சொல்ல எனக்கு நீ வேண்டியிருந்தது, நீ உள்ளே மண்ணில் இருந்தாய்.

இப்போது அவரிடம்தான் போகிறேன். நேற்று மாலை துரையிடம் போய், உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முதல் இடத்தைச் சாயபுவிடம்தான் கேட்க வேண்டும். துண்டை எடுத்தால், வாரமா மாசமா என்று வாயால் கேட்டுவிடுவேன். அதையாவது உன்னால் கற்றுக்கொண்டேன். ஆனால் பையன் பாதியில் கிளம்பிவிட்டால் யார் வந்து உட்காருவது என்று அவர் கேட்பார். காலையிலிருந்து இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கெட்டிக்காரத்தனமாக ஒரு பதில் யோசிக்கிறேன். எனக்கும் வயதாகிவிட்டது, கல்லூரி வேலை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்து யோசித்துவிட்டேன். நீ சொன்ன பதிலைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

ரயிலுக்குக் கைகாட்டி இறங்கிவிட்டது. மூட்டைகளைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், வாசனை இன்னும் பலமாக வருகிறது. பக்கத்தில் இருக்கும் குடையை எடுத்துக்கொள்கிறேன். சாயபு கேட்டால் இந்தத் தடவை நானும் திருப்பிப் பிடித்துவிட்டு அதையேதான் சொல்லப்போகிறேன்.

நான் வர்றேன்.