பாட்டில் அப்பா மூச்சு வாங்கிய இடம்

என் அனூஷ் அக்காவுக்கு,

நீங்கள் போய் நேற்று நாற்பதாம் நாள். ஆர்மீனியக் கிறிஸ்தவ வழக்கப்படி உங்கள் கோவிலில் பூசை நடந்தது. பதினோரு பேர் வந்திருந்தோம், பாதிப் பேர் நம்ம பபேடான் தெருக்காரர்கள். ரங்கூனில் ஆர்மீனியர் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு உங்களைத்தானே காட்டிக்கொண்டிருந்தேன்? இனி யாரைக் காட்டுவேன்?

கோவில் ஆர்மோனியத்தின் துருத்தியை ஒட்ட வந்தவன் நான். வேலையை முடித்துக் கிளம்பியவனை, "இருடா தம்பி, ஒரே சுரத்த வாயால பிடிச்சு நில்லு, நான் பாடிப் பாக்குறேன்" என்று நிறுத்தினீர்கள். இருபது வருடம் நின்றுவிட்டேன்! ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கமகம் போட்டதற்குப் பாட்டு நோட்டாலேயே தலையில் ஒன்று வைத்தீர்கள். "உன் சங்கீதத்த காளி கோவில்ல வச்சுக்க. இங்க ஆடாம அசையாம நில்லு."

அந்த நோட்டும் ஓர் அதிசயம்தான். ஆர்மீனியச் சொற்கள், பர்மிய எழுத்து; உங்கள் அப்பா பாடக் கேட்டு நீங்கள் எழுதியது. ஷ்வேப்யிதா தையல் ஃபேக்டரியில் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஏழாம் நாள் ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் பாடுவீர்கள். நாம் இருவர் மட்டுமே இருந்த ஞாயிறுகள் எத்தனை! அன்றும் ஓர் அடியைக்கூட நீங்கள் விட்டதில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குச் சத்தியமாக வராது அக்கா.

நேற்று முன்னின்று பாட ஆள் இல்லாததால், நீங்கள் ஞாயிறுதோறும் பாடும் பாட்டை ஆர்மீனியாவில் யாரோ பாடியிருந்ததை உங்கள் மகள் தீடா போனில் போட்டாள். எல்லோரும் மெதுவாகச் சேர்ந்துகொண்டோம். மூன்றாம் அடியின் நடுவில், நீங்கள் பழக்கியபடி, அத்தனை பேரும் சட்டென்று நின்றோம். போன் மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டே போயிற்று.

தீடா போனை அணைத்தாள். முகமே செத்துவிட்டது. "ஊலே, அம்மா இத்தனை வருஷம் தப்பாவா பாடினாங்க?" என்று மாமன் என்னிடம் பர்மியத்தில் கேட்டாள்.

நான் என்ன செய்வேன்? ஒருமுறை டீக்கடையில் நீங்கள் என்னிடம் சொன்னது எனக்கு மட்டும்தானே தெரியும்? "அங்க நிறுத்தமே கிடையாதுடா. அப்பாவுக்கு ஆஸ்துமா. அந்த இடத்துல நின்னு மூச்சு வாங்குவார். தெரிஞ்சுதான் நானும் நிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லிவிட்டேன் அக்கா. மன்னியுங்கள். ஊருக்கு முன்னால் உங்கள் மகள் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டுப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அவள் நோட்டைத் திறந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க சுரத்தப் பிடிங்க ஊலே" என்றாள். கோவிலில் அதுவரை வாய் திறந்து தனியாகப் பாடியிராத பெண் பாடத் தொடங்கினாள், உங்கள் குரலேதான். மூன்றாம் அடியில் வந்து நின்றாள். தாத்தாவுக்கு மூச்சு திரும்பும்வரை காத்திருப்பவள்போல நன்றாகவே நின்றாள். அப்புறம்தான் மேலே போனாள்.

எனக்கும் வயதாகிறது அக்கா, மூச்சு முன்போல இல்லை. ஆனால் அவள் பாடுகிற ஞாயிறெல்லாம் வருவேன். அவள் அங்கே நிற்கும்போது சுருதி அறுபடாமல் பார்த்துக்கொள்வேன். இது சத்தியம்.

நீங்கள் அதட்டி வளர்த்த தம்பி,
முருகேசன்