பரீதாவின் கைமெஷின்

இன்று காலைப் பூசையில், முதல் நன்மையாக நற்கருணை அப்பம் வாங்கும் பிள்ளைகள் என்னைக் கடந்து போனார்கள். கஞ்சி போட்டு மினுக்கிய வெள்ளைத் துணியின் வாசம் மூக்கில் பட்டதும் உன் நினைவு வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் உனக்கு 'முக்காடில்லாத சிஸ்டர்' என்று பட்டம் வைத்தவளே நான்தான். ஊர்வம்பு கதைக்கும் இடத்தில் நீ நிற்கமாட்டாய். உன் புருஷன் கடலிலிருந்து கொண்டுவரும் மீனில் ஒரு பங்கு, படுக்கையில் கிடந்த ஒரு கிழவருக்குப் போகும். "ஊரோடை ஒத்துப்போகத் தெரியாதோடி உனக்கு?" என்று கேட்டால் சிரிப்பாய்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். நம் இருவரோடும் படித்த பரீதாவும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். பிறகு ஆளாளுக்கு அந்த வெறும் வீடுகளுக்குள் புகுந்தார்கள். நானும் புகுந்தேன். ஊசியும் நூலுமாய்ப் பிழைத்தவள் நான். பரீதாவின் தையல் கைமெஷின்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண்.

என் வீட்டில் அதை நீ கண்டபோது, "நான் எடுக்காட்டி வேறை ஆரும் எடுத்திருப்பினம்," என்றேன். நீ ஏசவில்லை. மகளின் முதல் நன்மைச் சட்டைக்கென்று கொண்டுவந்த துணியைத் திரும்ப மடித்தாய்.

"ஏனடி, தாவன் தைக்க."

"உந்த மெஷினிலை தைச்சதை உடுத்திக்கொண்டு என்ரை பிள்ளை ஆண்டவரை வாங்கக்கூடாது. ஊரெல்லாம் எடுக்கட்டும். நாங்கள் அவருக்கெண்டு பிரிச்சு வைச்ச சனமெல்லோ."

உனக்குத் தையல் வராது. பூசையன்று உன் மகளின் சட்டையில் தையல் கோணல்மாணலாய் ஓடியது. ஒரு கை மற்றதைவிட நீளம். பிள்ளை அதைப் பற்றிய நினைப்பே இல்லாமல் கைகூப்பிப் போனாள். நான் நன்மை வாங்க எழும்பவில்லை. அன்று பின்னேரமே பாதிரியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இருவருமாக மெஷினைப் பழஞ்சீலையால் சுற்றி, பரீதாவின் பெயரை எழுதி வைத்தோம். அதன் பிறகும் நான் கையாலேயே தைத்தேன்.

தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்க, சனமெல்லாம் மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. என் சைக்கிளில் நடக்கமாட்டாத அம்மா. மெஷினை விட்டுவிட்டுப் போவோம் என்று அழுதேன். நீ உன் சைக்கிளில் கட்டியிருந்த உடுப்புப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, அந்த இடத்தில் மெஷினை ஏற்றிக் கட்டினாய்.

"எங்கடை சாமானெண்டால் விட்டிட்டுப் போகலாம். இது எங்கடை இல்லையே."

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு பரீதா புத்தளத்திலிருந்து வந்தாள். அதற்கு முந்தின மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிருந்தது. நான் எடுத்ததையும், நீ சுமந்ததையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் மெஷினைத் தொடவில்லை. "அவள் எங்கையடி கிடக்கிறாள்? என்னைக் கூட்டிக்கொண்டு போ," என்றாள். உன் கல்லறைக்குப் பக்கத்தில் இருவரும் வெகுநேரம் இருந்தோம். திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

இப்போதும் பிறர் பொருள் ஏதும் கைக்கெட்டினால், 'எல்லாரும்தானே செய்யினம்' என்று மனம் எனக்குச் சாட்டுச் சொல்லும். உன்னை நினைத்து அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன். சில நாள் நிற்காமல் எடுத்துக்கொண்டு போயும்விடுகிறேன். ஆனால் பாதி வழியில் திரும்பி வந்து வைத்துவிடுகிறேன்.